கேள்வித்தாளின் அம்மா

என் மகளுக்குத் தலை நின்றது நான்காம் மாதம். குப்புற விழுந்தது ஐந்தாம் மாதம். ஒன்பதாம் மாதம் பிடித்துக்கொண்டு நின்றாள், பதினோராம் மாதம் நடந்தாள். சுகப்பிரசவம். எடை இரண்டே முக்கால் கிலோ. பிறந்தவுடன் அழுதாள். நானும் என் கணவரும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் இல்லை. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, அட்டை பையில் இருக்கிறது.

இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதே வரிசையில் சொல்வேன். அத்தனை பயிற்சி டாக்டர்களிடம் ஒப்பித்திருக்கிறேன்.

நான்கு வயதில் ஒருநாள் காலையில் கண் இரண்டும் வீங்கிப்போய் எழுந்தாள். பூச்சி ஏதோ கடித்திருக்கிறது என்று நினைத்தேன். நான்கு நாளில் காலும் வயிறும் வீங்கின. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் 'நெஃப்ராடிக்' என்றார்கள். சிறுநீரகம் உடம்புக்கு வேண்டிய புரதத்தைப் பிடித்து வைக்காமல் சிறுநீரோடு வெளியே விட்டுவிடுகிறதாம். மாத்திரை கொடுத்தால் அடங்கும், சளி காய்ச்சல் வந்தால் திரும்பவும் கிளம்பும், பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும், அதுவரை கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு டாக்டர் வேண்டும் என்றார்கள். அந்த ஒரு டாக்டர்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தார்.

குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறவர்கள்தான் அங்கே முதலில் பார்ப்பார்கள். எல்லாரும் தங்கமான பிள்ளைகள். தூக்கம் போதாத முகம், கசங்கின வெள்ளைக் கோட்டு. ஒருவருக்கு என் மகளின் பெயர் பழகி, அவள் எந்தக் கையில் ஊசி போட விடுவாள் என்று தெரிந்துகொள்வதற்குள் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அடுத்தவர் வந்து உட்கார்ந்து, வெள்ளைத்தாளை எடுத்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"பாப்பாவுக்குத் தலை எப்பம்மா நின்னுச்சு?"

"அதுக்கும் மூஞ்சி வீங்குனதுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

முதல் வருஷம் இப்படிச் சண்டை போட்டேன். விருத்தாசலத்திலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவளிடம் தலை நின்ற கதையைக் கேட்டால் கோபம் வராதா? இரண்டாம் வருஷம் சண்டை அலுத்துவிட்டது. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நானே சொல்ல ஆரம்பித்தேன். "வீக்கம் மொதல்ல கண்ணச் சுத்தி, காலையில அதிகம், பொழுதுபோனா கொறையும். மூத்திரம் கொறைவு, நொரை இருக்குது, ரத்தம் இல்ல. இதுக்கு முன்னாடி தொண்டை வலி இல்ல, தோல்ல புண்ணு இல்ல. மூச்சுத் திணறல் இல்ல, ஃபிட்ஸ் இல்ல." ஒரு பயிற்சி டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "நீங்க நர்ஸாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, செராமிக்" என்றேன். எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரப் பிசிறை வழித்து வழவழப்பாக்குவது என் வேலை. அதைக் கேட்டதும் அவர் ரொம்பக் குழம்பிப்போனார்.

அவர்கள் எழுதுகிற தாளில் மேலே ஒரு வரி வரும். தகவல் சொன்னவர் யார், அவரை நம்பலாமா என்று. என் மகளின் ஃபைலில் ஒவ்வொரு தடவையும் 'மதர், ரிலையபிள்' என்று எழுதியிருப்பார்கள். டாக்டர் மாறுவார், மாத்திரை மாறும், அந்த வரி மட்டும் மாறாது. என் மாமியார்கூட என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதால் எனக்கு அதில் பெருமை அதிகம். பழக்கதோஷத்தில் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டேன். சூளையில் வேலை பார்க்கும் என் கணவர் இடுப்பு வலி என்றால், "எத்தனை நாளா? ஒரே எடத்துலயா, காலுக்கு எறங்குதா? காய்ச்சல் இருக்குதா?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்ல, வுடு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மகளுக்கு ஏழு வயதாகும்போதுதான் அந்த டாக்டரம்மா வந்தார். மேற்படிப்பில் இருப்பவர்கள் மூன்று மாதம் வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கவேண்டும் என்று ஒரு விதி வந்திருந்தது. அந்த விதி அவரை எங்கள் ஊருக்கே அனுப்பிவைத்தது. நெல்லிக்காய் மாதிரி ஒரு கொண்டை, தோளில் பெரிய பை, பைக்குள் எப்போதும் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டு. நான் வழக்கம்போல, "தலை நின்னது நாலாம் மாசம்" என்று தொடங்கினேன்.

"இருங்கக்கா, பாப்பாகிட்டப் பேசிக்கிறேன்" என்று என்னை நிறுத்திவிட்டார்.

ஒழுங்காக மாத்திரை கொடுத்தும் அந்த மாதம் வீக்கம் இறங்கவே இல்லை. எல்லாரும் மாத்திரையின் அளவைத்தான் யோசித்தார்கள். இவர் என் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டை நீட்டி, "எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டார். ஒளித்தாயா என்றே கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார். அவளும் கிசுகிசுவென்று, "செட்டியார் பொம்ம வவுத்துல" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஷோகேஸிலிருந்த செட்டியார் பொம்மையை எடுத்துக் குலுக்கினேன். சலசலத்தது. அச்சில் வார்க்கிற பொம்மை உள்ளே வெறும் கூடுதான், அடியில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைக் கீழே காட்டித் தட்டினேன். பதினேழு மாத்திரை விழுந்தது. தினம் பத்துப் பொம்மையைக் கையில் வைத்துத் திருப்புகிறவள் நான். எனக்குத் தோன்றவில்லை, வந்து ஒரு வாரமான டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு அவரிடம் விழுந்தவள்தான். என் மகள் எனக்கு முன்னாடியே விழுந்துவிட்டாள்.

மூன்று மாதம் முடிந்து அவர் காலேஜுக்குத் திரும்பியபோது நாங்களும் பின்னாலேயே போனோம். அவர் எந்தக் கிழமை ஓ.பி.யில் உட்காருகிறார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு அந்தக் கிழமை மட்டும் போவோம். வேறு டாக்டர் கூப்பிட்டால் என் மகள் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். தன் போன் நம்பரையும் கொடுத்திருந்தார். தினம் காலையில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மேல்பாதியை மட்டும் அடுப்பில் காட்டிச் சூடாக்கிப் பார்க்கவேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. திரிந்த பால் மாதிரி ஆனால் புரதம் போகிறது என்று அர்த்தம். எவ்வளவு திரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று நோட்டில் குறிக்கவேண்டும். சந்தேகம் வந்தால் படம் எடுத்து அவருக்கு அனுப்புவேன். ஒருநாள் அவசரத்தில் அந்தப் படம் ஸ்கூல் பெற்றோர் குரூப்புக்குப் போய்விட்டது. கீழே, 'இன்னிக்கு எப்படி இருக்குதுங்க?' என்று வேறு கேட்டிருந்தேன். இரண்டு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். ஒருவர், எலுமிச்சை ஜூஸுக்கு உப்புப் போடச் சொன்னார்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. அந்த ஒன்றரை வருஷத்தில் தலை நின்ற கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒருநாள் டாக்டரம்மா, "அக்கா, எனக்கு ஃபைனல் பரீட்சை வருது. ஒரு மாசம் படிக்க லீவு. அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க" என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. இந்தப் பிள்ளையை ஒரு மாசம் தொந்தரவு பண்ணக்கூடாது என்று நானாக முடிவு எடுத்தேன். அந்த முடிவை நினைத்து அப்போது என் நல்ல மனசை நானே மெச்சிக்கொண்டேன்.

லீவு தொடங்கி இரண்டாம் வாரம் மகளுக்குச் சளி பிடித்தது. குழாயில் மூன்று பிளஸ். மறுநாளும் மூன்று பிளஸ். மூன்றாம் நாளும் அதேதான். போனைக் கையில் எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். கடைசியில் அவரைக் கூப்பிடாமலே காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மீசை இன்னும் சரியாக முளைக்காத முதல் வருஷத்துப் பையன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்தாளை எடுத்தார்.

"தலை எப்பம்மா நின்னுச்சு?"

பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். ஒரு மணி நேரம் கேட்டார். கேட்டு முடித்துப் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று என்று போய்க்கொண்டிருந்த மாத்திரையைத் தினமும் நான்கு என்று ஏற்றினார். பத்து நாளில் குழாய் தெளிந்துவிட்டது. சின்னப் பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை, மனசு டாக்டரம்மாவிடம் இருந்தது.

குழாய் தெளிந்த மூன்றாம் நாள் வார்டிலிருந்து போன். "பரீட்சைக்குப் பாப்பாவைக் கேஸா கூட்டிட்டு வர முடியுமாம்மா? மதியம் பிரியாணி உண்டு."

இந்தப் படிப்பில் கடைசிப் பரீட்சை இப்படித்தான் நடக்கும். நிஜ நோயாளியைப் படுக்கையில் உட்காரவைத்து, பரீட்சை எழுதுகிறவரை உள்ளே அனுப்புவார்கள். அவர் அம்மாவிடம் விவரம் கேட்டு, குழந்தையைத் தொட்டுப் பார்த்து, என்ன வியாதி என்று கண்டுபிடித்து, பரிசோதகர்களிடம் சொல்லவேண்டும். என் மகளுக்கு விஷயம் புரிந்ததும் தலைகால் தெரியவில்லை. "அப்ப நாந்தான் கேள்வித்தாளா?" என்று கேட்டாள். ஸ்கூலுக்கு நான் எழுதிய லீவு லெட்டரில், 'டாக்டர்களின் பரீட்சைக்கு என் மகள் செல்லவேண்டி இருப்பதால்' என்று எழுதினேன். டீச்சர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, என் மகளை ஏற இறங்கப் பார்த்தாராம்.

பஸ் ஸ்டாண்டில் பெண்ணாடத்துக்கார அம்மா ஒருவர் தன் மகனோடு ஏறினார். கரும்பு பயிரிடுகிறவர். ஓ.பி. பெஞ்சில் பழக்கம். அவர் மகனுக்கு ரத்தத்தில் கோளாறு, மண்ணீரல் பெரியது. இந்தப் பரீட்சையில் அவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

"எம்புள்ள மண்ணீரலு நாலு பரிட்ச பாத்துருக்குது" என்றார். "வியாதி பேரச் சொல்லக் கூடாது, தொட்டுக் காட்டக் கூடாதுன்னுருவாங்க. நான் எதுக்குச் சொல்லப் போறேன்? அவங்க வேற எடத்துல தடவுனா லேசா இருமுவேன். அவ்ளோதான்."

"பாஸாயிருவாங்களா?"

"இருமல் கேட்டா பாஸு. போன தடவ எங்க டாக்டரு தம்பி பெயிலாயிட்டாரு, பாவம். அன்னிக்கின்னு பாத்து எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சி." ஜன்னல் பக்கம் பார்த்தபடி சாதாரணமாகத் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. பாஸானவங்க மறுநாளே மூட்ட கட்டிக்கினு போயிட்டாங்க. இவரு மட்டும் இன்னோரு ஆறு மாசம் நம்மளாண்டயே இருந்தாரு. அந்த ஆறு மாசம் எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. பாஸானால் டாக்டரம்மா போய்விடுவார். பெயிலானால் இருப்பார். பஸ் போய்க்கொண்டிருந்தது, என் மகள் என் மடியில் தூங்கினாள், நான் அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பிறகு, என்ன பொம்பளை நீ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பரீட்சையில் வேறு ஏதாவது டாக்டர்தான் நம் படுக்கைக்கு வருவார், இதெல்லாம் வீண் யோசனை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வார்டில் படுக்கைகளுக்கு நடுவில் திரை போட்டிருந்தார்கள். ஒரு பெரிய டாக்டர் வந்து எல்லா அம்மாக்களிடமும், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. யாரையும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க" என்றார். என் மகள் ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மணி அடித்தது. திரை விலகியது. டாக்டரம்மா நின்றார்.

எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே வெளிறியது, பிறகு ஒன்றும் தெரியாத முகத்தை மாட்டிக்கொண்டார். என் மகள் படுக்கையில் விறைப்பாக எழுந்து நின்று, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"எனக்கு இவங்கள யாருன்னே தெரியாது!"

பக்கத்துத் திரையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமலும் கேட்டது.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "டாக்டரம்மா, ஒரு சேதி..." என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"ஐயோ அக்கா, வேணாம்" என்று உதட்டின் மேல் விரலை வைத்தார். "நீங்களா எதையும் சொல்லிராதீங்க. தெரிஞ்சவங்கன்னு உதவி வாங்கின மாதிரி ஆயிரும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எழுத ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் இல்லை. நான்காம் மாதம் தலை நின்றதை எழுதினார், பதினோராம் மாதம் நடந்ததை எழுதினார். என் மகளின் நான்கரை வருஷத்தை, ஒரு கேள்வி கேட்காமல், என் கண் முன்னே பக்கம் பக்கமாக எழுதினார். மேலே 'மதர், ரிலையபிள்' என்று எழுதியதையும் பார்த்தேன். ஒருபக்கம் பூரித்துப் போனேன். இன்னொரு பக்கம், புது மாத்திரைக் கணக்கு அதில் எங்காவது வருகிறதா என்று தேடினேன். நடுவில் இன்னொரு தடவை, "மாத்திரை..." என்றேன். "தெரியும்க்கா" என்று கண்ணை மூடித் திறந்தார். பிறகு குழந்தையைத் தலை முதல் கால் வரை பொறுமையாகப் பார்த்தார். உப்பியிருந்த கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். அது மாத்திரையால் வந்த கன்னம் என்று அவருக்குத் தெரியும். எத்தனை மாத்திரையால் என்பதுதான் தெரியாது.

முக்கால் மணி முடிந்து மறுபடி மணி அடித்தது. மூன்று பரிசோதகர்கள் வந்தார்கள். நடுவில் இருந்தவர் வயசானவர், கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. டாக்டரம்மா நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். அத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த இங்கிலீஷ் பாதி புரியும். கடைசியாக வியாதி திரும்பியது ஐந்து மாதத்துக்கு முன்னால் என்றார். மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று என்றார். கொஞ்சமும் தடுமாறவில்லை.

வயசானவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பாப்பாவுக்கு இப்ப மாத்திரை எப்படிக் குடுக்குறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற நேரம்தான் எனக்குக் கிடைத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. டாக்டரம்மா பாஸாகி நல்லபடியாகப் போய்ச் சேருவார். உண்மையைச் சொல்லலாம். மாத்திரை விஷயத்தில் டாக்டரிடம் பொய் சொன்னதே இல்லை, அது தப்பு, பெரிய தப்பு. உண்மையைச் சொன்னால் ஆறு மாதம் இருப்பார். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. எதை முதலில் நினைத்தேன் என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"தெனமும் நாலுங்க" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வாரமாங்க. சளி புடிச்சி, மூணு நாளு மூணு பிளஸ்ஸு வந்துருச்சி."

டாக்டரம்மா கையிலிருந்த தாள் தாழ்ந்தது. பரிசோதகர்களை மறந்துவிட்டார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மூணு நாளா? காய்ச்சல் இருந்துச்சா? வயிறு வலிச்சுதா? யூரின் ஒழுங்கா போச்சா?" என்று கேட்டார். முக்கால் மணி நேரமாகக் கேட்காத கேள்விகள் எல்லாம் கடகடவென்று வந்தன. கடைசியில், "ஏன்க்கா எனக்கு போன் பண்ணல?" என்றார்.

"படிக்கிறீங்களேன்னுதாங்க."

"டாக்டர், இதையெல்லாம் கேக்க உங்களுக்கு முக்கால் மணி நேரம் இருந்துச்சு" என்றார் வயசானவர். கடிந்து சொல்லவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிரியாணியை என் மகள் மட்டும் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, நான் பேட்டையில் பிசிறு வழித்துக்கொண்டிருந்தபோது பெண்ணாடத்து அம்மா போன் செய்தார். "ஒங்க டாக்டரம்மா பெயிலாம்மா. எங்களுது பாஸு. நல்லா இருமுனேன்."

ஒளிக்காமல் சொல்கிறேன். கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம். ஆறு மாசம் என்று மனசு துள்ளியது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது, அதற்கும் பிறகுதான் அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. கையிலிருந்த பொம்மையின் மூக்கையும் சேர்த்து வழித்துவிட்டிருந்தேன். அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நீ உண்மையத்தான சொன்ன?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

அடுத்த ஓ.பி. கிழமைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. வேறு கிழமை போகலாம், அந்தச் சின்னப் பையன் நல்லாத்தான் பார்த்தார் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

டாக்டரம்மா அதே மேஜையில், அதே பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருக்கு இளையவர்கள். யாரும் அவரிடம் பரீட்சைப் பேச்சு எடுக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எல்லாரும் குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசினார்கள். நான் வாசலிலேயே தயங்கினேன். என் மகள் கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

"டாக்டரக்கா, நீங்க பெயிலா?"

ஒருவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஆமாடா பாப்பா."

"ஐ! அப்ப போவ மாட்டீங்கள்ல?"

என் மகள் இரண்டு கையையும் தூக்கி ஒரு குதி குதித்தாள். அவளைப் பிடித்து இழுக்க ஓடினேன். அதற்குள் டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, அது சிரிப்பில்லாமலும் ஆகி, கோட்டின் கையால் துடைத்துக்கொண்டார். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க அம்மா மூணு நாள் சாப்பிடல. எங்க புரொஃபஸர் பேசல" என்றார். "நான் பெயிலானதுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆளு இந்த உலகத்துலயே நீதான்டி."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"ரெண்டு பேருங்க" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்னிக்கி அந்த சார் கேட்டப்ப, அத நெனச்சுத்தான் சொன்னீங்களாக்கா?"

"தெரியலைங்க" என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் இந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா என் மகளை மடியிலிருந்து இறக்கி எடை பார்க்கும் மிஷினில் ஏற்றினார். பிறகு காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளி, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஒக்காருங்கக்கா" என்றார். "நான் லீவுல போன நாள்லேர்ந்து ஒண்ணு விடாம சொல்லுங்க."